மூத்தவள் பூட்டிய கோப்பு

மடிக்கணினித் திரையில் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஜிப் கோப்பில் இது ஒரு வேடிக்கை. கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாது. ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். நாற்பத்தொரு படங்கள். கடைசியில் ஒரே ஒரு ஒலிப்பதிவு. பெயர், ‘அவருக்கு’. தேதி, மூத்தவள் ஆஸ்பத்திரியில் கண்மூடியதற்கு நான்கு நாள் முந்தியது.

அந்த ‘அவர்’ மூத்தவளின் கணவர்; அவள் போன பிறகு, ஆறு வருஷமாக, மடிக்கணினிமுன் உட்கார்ந்திருந்த இவளுடைய கணவர். அலமாரியை ஒழித்தபோது இந்தக் கோப்பு இருந்த பென்டிரைவ் அகப்பட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“கடைக்கு வர்றவங்க டிஸ்க்கையெல்லாம் மீட்டுக் குடுக்கற. வீட்டுக்காரனுக்குச் செய்ய மாட்டியா?”

“டோக்கன் வாங்கிட்டு வரிசையில வாங்க” என்று சிரித்தாள்.

பழைய மாதிரிப் பூட்டு. உடைக்க வழி உண்டென்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பதில் ஏதாவது ஒன்றின் அசல் வெளியே கிடைத்தால் போதும். பூட்டியதையும் பூட்டாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். மற்றதெல்லாம் அதே சாவிக்குத் திறக்கும். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையையே வேலியாகக் கட்டினாள்.

“இதுல ஒரு படமாவது அசலா வேணும்ங்க. போன்ல அனுப்பி வாங்கினது ஆகாது, சுருங்கிப் போயிருக்கும். கேமராவுல எடுத்தது எடுத்தபடி இருக்கணும். நீங்கதான் நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே.”

அவர் பர்ஸைத் திறந்து, அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து நகத்தளவு மெமரி கார்டை உருவி மேஜைமேல் வைத்தார். அந்தப் பர்ஸிலிருந்துதான் அவள் தினமும் பஸ்ஸுக்குச் சில்லறை எடுப்பாள்.

“இத்தனை வருஷமாவா?”

“ஒண்ணே ஒண்ணுதான்மா.”

ஒன்று போதாதா? போதும். கணக்கே அதுதானே.

படத்தில் மூத்தவள் ஈரத்தலையைத் துவட்டியபடி, படமெடுப்பவரைத் திட்ட வாயெடுத்திருந்தாள். தன்னை இப்படி, தயாராக இல்லாத நேரத்தில், அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை என்பது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தின் அளவையும் சரிபார்ப்பு எண்ணையும் பூட்டிய கோப்பின் பட்டியலோடு ஒப்பிட்டாள். ஓர் இலக்கம் பிசகாமல் பொருந்தின. அவருக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது. பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

“சேருதா?”

“அக்கா குரல் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள்.

அவர் குனிந்து திரையிலிருந்த படத்தைப் பார்த்தார். “மறந்துபோச்சு” என்றார். “அதான்...”

அவள் பூட்டை உடைக்கும் கட்டளையைத் தட்டி ஓடவிட்டாள். “அரை மணி ஆகும். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரையில் சதவீதம் ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது, முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் தலைவாரிக்கொண்டிருந்தார். எடுத்த வகிட்டைக் கலைத்தார். பிறகு, அவள் பார்த்தேயிராத பக்கத்தில், மெதுவாக, நேராக, மறுபடி எடுத்தார்.