பொய் சொன்ன மூச்சு

ஆஸ்பத்திரிக் கழிவறையைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு சிகரெட்டை அடுத்தடுத்து இழுத்தான் ரொட்டிக் கம்பெனியில் மாவு சலிப்பவன். எட்டு மாதமாக விட்டிருந்த பழக்கம். இருமல் குடலைப் பிடுங்கியது. வாயைக் கொப்பளித்துப் புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டான்.

யோசனை, நெருப்புக்கோழி என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளியுடையது. கம்பெனியில் அடுப்பைப் பார்ப்பவன். "ஊதுறதுக்கு முன்னாடி ரெண்டு பத்த வச்சேன் மச்சான். நம்பர் பொத்துனு விழுந்துடுச்சு" என்றிருந்தான்.

நம்பர் விழவேண்டியது இவனுக்குத்தான் அவசரம். ஆஸ்துமாவுக்கான மூச்சுச் சோதனையில் போன தடவை அறுபத்திரண்டு. இந்தத் தடவையும் ஐம்பதைத் தாண்டினால் மாவுத் தூசி பறக்கும் சலிப்பு அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷமாக அந்த அறைதான் சோறு போடுகிறது.

வெளியே வந்ததும், துணைக்கு வந்திருந்த அக்கா சீறினாள். "உள்ளயே குடித்தனம் பண்ணிட்டியா? ரெண்டு தடவை கூப்பிட்டாச்சுடா."

சோதனை அறைப் பெண் குழாயை நீட்டினாள். மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று அளக்கும் கருவி. மூச்சுக் குழாய் அழன்று வீங்கியிருந்தால் எண் ஏறும்.

"பத்து செகண்ட், ஒரே சீரா. பலூன் ஊதுற மாதிரி இல்ல, சூடான டீய ஆத்துற மாதிரி."

முதல் தடவை ஆறாவது செகண்டில் மூச்சு அறுந்தது. இரண்டாவது ஏழில். மூன்றாவது தடவை முழங்கால்களை இறுக்கி, கண் பிதுங்க ஊதி முடித்தான்.

பதினாலு.

அவள் புருவம் சுருங்கியது. "சிகரெட் ஏதாவது பிடிச்சீங்களா?"

"விட்டு எட்டு மாசம் ஆச்சு மேடம்."

"ஆமாம்மா, தொடுறதே இல்ல" என்று அக்காவும் சாட்சி சொன்னாள். அவன் தரையைப் பார்த்தான்.

டாக்டர் எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பரவாயில்லையே! முகமூடி போட்டுக்கிட்டு வேலைக்குப் போங்க." வேலைக்குப் போகலாம் என்ற சீட்டில் கையெழுத்து விழுந்தது. அவனுக்கு உயிர் வந்தது. டாக்டரின் பேனா அப்படியே மருந்துப் பட்டியலுக்கு நகர்ந்து ஒரு வரியை அடித்தது.

"இந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் இனி வேண்டாம். வீக்கம் இல்லாதவங்களுக்கு அதால பெரிய பிரயோஜனமில்ல. நிமோனியாதான் வரும்."

போன மாதம் அந்த ஸ்ப்ரே தீர்ந்துபோய் மூன்று நாள் இல்லாமல் இருந்தான். மூன்றாம் நாள் மூச்சுத் திணறி ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான், உதடு நீலம் பாரித்து.

"அத மட்டும் விட்டுவைங்க சார்."

"எதுக்கு? நம்பரே சொல்லுதே. அடுத்த ஆள வரச்சொல்லுங்க."

"ஒரு மருந்து குறைஞ்சுதேடா, சந்தோஷப்படேன்" என்று அக்கா எழுந்தாள். அடுத்த நோயாளி கதவைத் திறந்துவிட்டார். அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. சட்டைப் பையில் இருந்த வேலைச் சீட்டு மார்பில் உறுத்தியது.

"சார், அந்த நம்பர் பொய்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"பத்த வச்சேன். ரெண்டு. இங்க பாத்ரூம்லயே."

அக்கா அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். பிறகு ஃபைலை மேஜைமேல் போட்டாள். "எருமை."

டாக்டர் கையை நீட்டினார். அவன் சீட்டைக் கொடுத்தான். நான்காகக் கிழித்துப்போட்டார். அடித்த வரியைத் திரும்ப எழுதினார். "ஸ்ப்ரேய நிறுத்தாதீங்க. நாளைக்குப் புகையில்லாம வந்து ஊதுங்க. அதுவரைக்கும் மாவு அறைப் பக்கம் தலைவைக்காதீங்க."

நடைபாதையில் அக்கா ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். "மாவு இல்லாத வேலை ஆயிரம் இருக்குடா."

"இருக்கட்டும்" என்றான். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."