நகக்குழி

கத்தியை இடது கையில் பிடித்து, அலகின் மேலோரமாக வெட்டியிருக்கும் பிறை போன்ற குழியில் வலது கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தாள் சாந்தாமேரி. அலகு பாதி வந்து 'டக்' என்று நின்றது. மறுபடி இழுத்தாள். முழுதாக விரிந்து இன்னொரு 'டக்'. இரண்டு சத்தமும் ஒரே கனம். கத்தியை ஜன்னல் பக்கம் உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். இல்லை. மடக்கினாள். காப்பிக் கட்டையில் செய்த பிடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, தேறிய கத்திகளின் தட்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

நாகலூர் ரோட்டை ஒட்டிய அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் காப்பிப் பழம் தோல் உரிக்கும் ஷெட்டாக இருந்தது. இப்போது உள்ளே கத்தி செய்கிறார்கள். பழம் நறுக்குகிற கத்தி இல்லை. வெளிநாட்டில் இதை வாங்குகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்து, வேண்டும்போது எடுத்துத் திறந்து, மடக்கி, திரும்ப வைத்துவிடுவார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கீறல் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். கத்தி உள்ள காலம் வரைக்கும் உத்தரவாதம் என்று ஒவ்வொரு பெட்டியிலும் அச்சடித்திருந்தது. அதோடு ஒரு சின்ன அட்டையும் இருக்கும். 'பரிசோதித்தவர்: மேரி' என்று இங்கிலீஷில். முழுப்பெயர் அட்டையில் கொள்ளவில்லை என்று கம்பெனி பாதியை எடுத்துக்கொண்டது.

பரிசோதனை மேஜையில் இரும்புக் கருவி எதற்கும் இடமில்லை. கருவி பட்டால் குழியில் கோடு விழும். வாங்குகிறவர் எதனால் திறப்பாரோ அதனால்தான் இங்கேயும் திறக்க வேண்டும். அதனால் மேஜையில் உட்காரும் பெண்கள் நகத்தைப் பொன்போலப் பார்த்துக்கொண்டார்கள். பாத்திரம் தேய்ப்பதைப் பிள்ளைகளிடம் விட்டார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் கவியா நகப்பூச்சை மூன்று நான்கு தடவை பூசி இறுக்கி வைத்திருந்தாள். ஒருமுறை சிவப்புச் சாயம் குழியில் ஒட்டி ஒரு தட்டு முழுக்கத் துடைக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு நிறமில்லாத பூச்சு மட்டும்தான்.

ஆடி மாதத்திலிருந்து ஸ்பிரிங் மாறியிருந்தது. பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோகிறது என்று சில கத்திகள் திரும்பி வந்தன. ஓனர் சந்திரசேகர் சேலத்துப் பட்டறையில் சொல்லிப் பதத்தைக் கூட்டினார். புதியவை ஒவ்வொன்றும் விரலோடு மல்லுக்கு நின்றன.

"ஏனுங்க மெல்வின் தம்பி, இந்த ஸ்பிரிங்கு நொம்பக் கெட்டிங்க," என்று சாந்தாமேரி முதல் வாரமே சொன்னாள்.

பரிசோதனைப் பிரிவின் சூப்பர்வைசர் மெல்வின், அவள் போகும் மாதா கோவிலிலேயே பாட்டுக் குழுவில் பாடுகிறவன். தேறிய தட்டை எட்டிப் பார்த்தான். "பழகிருமுங்கக்கா. நீங்க தொறக்காத கத்தியா?"

உண்மைதான். அவள் திறக்காத கத்தி இல்லை. ஆனால் புரட்டாசியில் நகத்தின் அடியில் ஒரு கருநீலக் கோடு விழுந்தது. கோடு பரவியது. துணி சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கத்தி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்த கவியா அதை அப்படியே கீழே போட்டாள்.

"அக்கா, ரத்தமுங்க!"

"கத்தி மேல பட்டிருக்குதா பாரு கண்ணு," என்றாள் சாந்தாமேரி. கத்தியில் படவில்லை. நகம் பாதிக்கு மேல் எழும்பி, அடியில் சீழ் கட்டியிருந்தது.

மெல்வின் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தை அடியோடு எடுத்துவிட்டார். ஆறு மாதம் ஆகும் முழுதாக வளர என்றார். திரும்பும்போது ஒண்டிக்கடை முக்கில் வண்டியை நிறுத்தி மெல்வின் டீ சொன்னான். கட்டுப்போட்ட விரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவள் டம்ளரை நாலு விரலால் பிடித்தாள்.

"இதைக் காயம்னு கம்பெனியில போடுவாங்களா தம்பி?"

"மெஷின்ல மாட்டியிருந்தா போடலாமுங்கக்கா. நகம் தானா வந்ததுக்கு என்னன்னு போடறது?"

"தானா வந்துச்சுங்களா? நான் சும்மா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனாக்கும்?"

மெல்வின் ரோட்டைப் பார்த்தான். குப்பனூர் பக்கம் இறங்கும் பஸ் ஒன்று வளைவில் ஹாரன் அடித்தது. "ஓனர்கிட்டப் பேசிட்டேன். நகம் வளந்ததும் வரட்டும்னாரு. அதுவரைக்கும் சேர் காலியா கிடக்காதுங்கக்கா. குப்பனூர்ல ஒரு புள்ள இருக்குதாம், தீபிகான்னு. திங்கக்கிழமை வரச் சொல்லியாச்சு."

ஷெட்டில் கம்பெனி ஆளாகப் பதிவில் இருப்பவர்கள் பரிசோதனை மேஜைக்காரர்கள் மட்டும்தான். பாலீஷ் போடுகிறவர்கள், கட்டை அறுக்கிறவர்கள் எல்லாம் கான்ட்ராக்ட். சாந்தாமேரி மூன்று வருடம் பாலீஷ் தூசியை விழுங்கி, அதற்கு முன்னால் எஸ்டேட்டில் அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்கப் பழம் பறித்து, இந்த நாற்காலிக்கு வந்தவள். ஆறு மாதம் வேறொருத்தி உட்கார்ந்த நாற்காலி திரும்பக் கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், மெல்வினுக்கும் தெரியும்.

"வேற விரலால தொறந்தா?"

"எப்படிங்கக்கா? இடது கைக்கு மாத்துனா குழி அந்தப் பக்கம் போயிருமே."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். "திங்கக்கிழமை அந்தப் புள்ளையும் வரட்டும், நானும் வாரேன். சாயங்காலம் என் தட்டு நெறையலீன்னா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. நானே எந்திரிச்சுப் போயிக்கறேன்."

மெல்வின் சொன்னது சரிதான். கத்தியை வலது கைக்கு மாற்றினால் குழி மறுபுறம் போய்விடும். இடது கட்டைவிரல் வழவழப்பான பக்கத்தில் வழுக்கும். சுட்டுவிரலை அலகின் மேலாக வளைத்து, அந்தப் பக்கத்துக் குழியில் நகத்தைப் பதித்து இழுக்க வேண்டும். சுட்டுவிரலுக்கு அந்த வலுவும் இல்லை, பழக்கமும் இல்லை. பழகலாம் என்றால் கத்தியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துப்போக முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாசி வீட்டுக்கே வந்தார். ஷெட்டில் ஸ்பிரிங் பூட்டுகிறவர் அவர். திரும்பி வரும் கத்திகளைப் பிரித்துச் சரிசெய்வதும் அவர்தான். இடுப்பிலிருந்து தன் சொந்தக் கத்தியை எடுத்து நீட்டினார். கொய்யா நறுக்கி நறுக்கி அலகு தேய்ந்திருந்தது.

"இது எதுக்குங்கண்ணா? இதத்தான் சின்னக் கொழந்தயும் தொறக்குமே."

"இப்பத் தொறந்து பாரு அம்மிணி."

இழுத்தாள். அலகு அசையவில்லை.

"உன் நகத்தை எடுத்த ஸ்பிரிங்குதான்," என்றார் அம்மாசி. "கழிச்சுப் போட்டதுல ஒண்ணை எடுத்து ராத்திரியே பூட்டிட்டேன். ஸ்பிரிங்கைப் பூட்டுனது நானு. பூட்டச் சொன்னதைத்தான் பூட்டுனேன்."

"உங்களை ஆரு என்ன சொன்னாங்க? உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

"நீ வெக்காத. விரலைப் பாரு."

அன்று முழுக்க இடது சுட்டுவிரலால் இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அவள் கணவன் ஆரோக்கியதாஸ் காதோரமாகச் சொன்னான்: "சாமியாரு பிரசங்கம் பண்ணும்போது விரலு வளைஞ்சு வளைஞ்சு போகுது. பின்னால உக்காந்திருக்கறவங்க உனக்கு வலிப்புன்னு நெனைக்கறாங்க."

"நெனைக்கட்டும். ஊட்டுக்குப் போனதும் நீங்க வெங்காயம் அரிங்க. எனக்கு வேலை இருக்குது."

சாயங்காலத்துக்குள் கத்தி திறந்தது. முதலில் பத்து இழுப்பில் ஒன்று, பிறகு ஒன்று விட்டு ஒன்று. இருட்டும்போது ஒவ்வொன்றும்.

திங்கட்கிழமை தீபிகா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். மடியில் டிபன் பை. நகங்களைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். நீளமாக, கெட்டியாக இருந்தன. சாந்தாமேரி அவளைப் பார்த்துச் சிரித்தாள். "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆனால் புதிய கத்திகளை அவள் தொடவில்லை. போன வாரம் தானே தேறியதென வைத்த கத்திகளில் ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, அவற்றை ஒவ்வொன்றாக இடது சுட்டுவிரலால் திறக்கத் தொடங்கினாள். நல்ல கத்தி கட்டைவிரலுக்கு எப்படி இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். சுட்டுவிரலுக்குத் தெரியாது. டீ நேரம் வந்தபோது அவளுடைய தேறிய தட்டில் ஒன்றுகூட இல்லை. கவியாவின் தட்டு பாதி நிறைந்திருந்தது.

"அக்கா, கடிகாரத்தைப் பாருங்க," என்றாள் கவியா தாழ்ந்த குரலில். "மெல்வின் சார் பாத்துட்டே இருக்கறாரு."

"அவரு பாக்கறாரில்ல, அப்பறம் நான் வேற எதுக்குப் பாக்கறது?"

டீ முடிந்ததும் புதிய பெட்டியைத் திறந்தாள். இழுப்பு, 'டக்'. இழுப்பு, 'டக்'. ஜன்னலுக்கு உயர்த்தி ஒரு கண்ணை மூடினாள். கட்டுப்போட்ட கட்டைவிரல் தனியே நிமிர்ந்து நின்றது. மூன்றாவது கத்தியில் பாதிச் சத்தம் மங்கலாக விழுந்தது. அம்மாசியின் தட்டுக்கு ஒதுக்கினாள். மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்தாள். மணி அடிக்கும்போது அவள் தட்டு நிறைந்து, மேலே இரண்டு கத்திகள் குறுக்காக உட்கார்ந்திருந்தன.

மெல்வின் மேலே கிடந்த இரண்டையும் எடுத்துத் திறந்து பார்த்தான். மூன்றாவதாக ஒன்றை அடியிலிருந்து உருவினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"சேர் உங்களுதுதானுங்கக்கா. ஓனர் சரின்னுட்டாரு."

"அந்தப் புள்ள?"

"அதுவும் இருக்கட்டும்னாரு. பாலீஷ்ல போடச் சொன்னாரு, கான்ட்ராக்ட்ல. ஆருக்காவது நகம் போனா கூப்பிட்டுக்கலாம்னு."

"ஸ்பேர் நகம்," என்றாள் கவியா. மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். தீபிகாவும் சிரித்தாள், எதற்கென்று முழுதாகப் புரியாமல்.

கார்த்திகையில் ஒரு பார்சல் வந்தது. வெளிநாட்டிலிருந்து உத்தரவாதத்தில் திரும்பிய கத்தி. அம்மாசி பிரித்துப் பார்த்தார். கீறல் இல்லை, துரு இல்லை, பிடி விலகவில்லை. மெல்வின் கூடவே வந்த கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னான். ஆடி மாதக் கத்தி. வாங்கியவர் முதல் முறை திறந்தபோது ஸ்பிரிங் இறுக்கத்தில் அவருடைய கட்டைவிரல் நகம் உடைந்துவிட்டதாம். போட்டோ வைத்திருந்தார். கடைசி வரியைப் படித்துவிட்டு மெல்வின் நிறுத்தினான்.

"சொல்லுங்க தம்பி."

"'அட்டையில் பெயர் போட்டிருக்கும் மேரி, இதை அனுப்பும் முன்பு ஒரு முறையாவது திறந்து பார்த்தாரா?'ன்னு கேட்டிருக்கறாருங்கக்கா."

சாந்தாமேரி அந்தக் கத்தியை எடுத்தாள். இடது சுட்டுவிரலால் திறந்தாள், மடக்கினாள்.

"தொறந்து பாத்தேன்னு எழுதுங்க," என்றாள்.

அப்படி எழுதவில்லை. ஓனர் சேலத்திலிருந்து அன்றைக்கே போனில் பேசினார். மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். புதுக் கத்தி ஒன்று, அதோடு நம் தோட்டத்துக் காப்பித்தூள் ஒரு டப்பா. அடுத்த லோடிலிருந்து ஸ்பிரிங் பதத்தைக் குறைக்க வேண்டும், பட்டறைக்குச் சொல்லியாகிவிட்டது.

"ஆடியிலருந்து நாம சொன்னம்," என்றார் அம்மாசி.

"நாம இங்கிலீஷ்ல சொல்லலீங்களேண்ணா," என்றாள் சாந்தாமேரி. ஓனர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: அனுப்பப்போகும் கத்தியை மேரியே பார்த்து எடுக்கட்டும், அவர் கைதான் நம்பிக்கை. அவளுக்கு அதில் சந்தேகம் இல்லை. கழித்த தட்டில் மிஞ்சியிருந்த, ஆடிக்கு முந்தைய பழைய ஸ்பிரிங்குகளில் நல்லதாக ஒன்றை அம்மாசியிடம் பூட்டச் சொன்னாள். விரலுக்கு இவ்வளவு இதமான கத்தி ஆடிக்குப் பிறகு இங்கிருந்து போனதில்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் வைத்து, தன் அட்டையையும் மேலே வைத்து மூடினாள்.

மறுநாள் காலை மெல்வின் ஏற்காடு டவுனுக்குப் போய் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தான். பரிசோதனை மேஜைக்கு எதிரில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஜன்னலுக்கு மேலே மாட்டச் சொல்லி ஓனர் உத்தரவு. ஸ்டூலில் ஏறி நின்று மாட்டினான். சுத்தமான, ரோஜா நிறக் கட்டைவிரல். நகத்தின் ஓரத்தில் அரிசி நுனியளவு சில்லு போயிருந்தது. கீழே பெரிய எழுத்தில் 'இது இனி நடக்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தது.

"நேரா இருக்குதுங்களா?" என்று ஸ்டூல் மேலிருந்து கேட்டான்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க தம்பி," என்றாள் சாந்தாமேரி.

தூக்கினான். அவள் தட்டிலிருந்து அடுத்த கத்தியை எடுத்துத் திறந்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க ஜன்னலுக்கு நேராக உயர்த்தினாள். கத்தியைப் பிடித்த கையில், நகமில்லாத கட்டைவிரல் ரப்பர் உறைக்குள் நிமிர்ந்து நின்றது. சரியாக அந்தப் படத்துக்குக் கீழே.