காற்று சுத்தமான தெரு

அக்கா வீட்டு முன்னறையில் மாட்டியிருந்த கருவி காலையிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் தங்கை வந்து கழற்றிப் பார்த்தாள். திரையில் பூஜ்யம்.

"என்ன காட்டுது?" என்றாள் அக்கா.

"காத்து சுத்தமா இருக்குக்கா."

"இருக்காதா பின்ன? பசை டப்பாவைக் கண்ணால பாத்தே எத்தனையோ மாசம் ஆச்சு."

போன வருஷம் இதே அறையில் அந்தக் கருவியில் எண் கன்னாபின்னாவென்று ஏறியது. தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனி வேன் காலையில் மூட்டைகளை இறக்கும், மறுநாள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பசை வாடையில் தலைவலி, வாந்தி, விரல் நுனி மரத்துப்போவது எல்லாம் உண்டு. அக்காவால் தன் சட்டைப் பித்தானைக்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை. அதைப் பார்த்து வயிறெரிந்துதான் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளராக இருந்த தங்கை இதை ஆராய்ச்சிக்கு எடுத்தாள். தெருவில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காதான் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், "என் தங்கச்சிதான், நமக்கு நல்லது செய்யத்தான் வந்திருக்கா" என்று வீடு வீடாகச் சொன்னாள்.

தங்கை எழுதிய அறிக்கை கேட்டது ஒன்றும் பெரிய சொத்து இல்லை. கையுறை, ஒரு விசிறி, கூலியில் கொஞ்சம் உயர்வு. பத்திரிகைகளில் வந்தது. கம்பெனி மறுப்புச் சொல்லவில்லை, சண்டைக்கும் வரவில்லை. வேனை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். மூட்டைகள் வேறு ஏதோ ஊருக்குப் போயின. அங்கே எவள் விரல் மரத்துப்போகிறதோ, யார் கண்டது.

இப்போது மறுபடி அளப்பது ஒரு பரிசுக்காக. சமுதாயத்துக்குப் பயன்படும் ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கிற பரிசு. ஆராய்ச்சியால் மக்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும், அதை அளந்து காட்ட வேண்டும் என்பது விதி. பரிசு கிடைத்தால் நிதி வரும், தங்கையின் வேலை நீளும். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"இந்தப் பூஜ்யத்தைக் காட்டினா கம்பெனிக்காரன் திரும்பி வருவானாடி?" என்று அக்கா கேட்டாள்.

"பாக்கலாம்க்கா" என்றாள் தங்கை. வாய் கூசாமல் சொன்னாள்.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் கோடு சார். வரைபடத்தில் கோடு ஏறினாலும் இறங்கினாலும் மனிதருக்குப் பசி தீர்ந்துவிடும். இந்தக் கோட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"எவ்வளவு அழகா இறங்குது பாரு."

"சார், வேலையே போனதாலதான் இறங்கியிருக்கு."

"காத்து சுத்தமாச்சா, இல்லையா?"

"ஆச்சு சார்."

"அப்புறம் என்னம்மா? நாம அளந்தது காத்தை. வயித்தை இல்ல."

அவளுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. மாதக் கடைசி ஞாபகம் வந்ததும் விழுங்கிவிட்டாள்.

பரிசு கிடைத்தது. விழாவுக்குப் பல்கலைக்கழகமே வண்டி அனுப்பி அக்காவையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தது. மூவர் கழுத்திலும் ஆளுக்கொரு அட்டை. அதில் 'பயனாளி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள், பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மேடையிலிருந்த தங்கை அதைப் பார்த்துவிட்டாள். பின்னால் சுவர் முழுக்க அந்தக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. நன்றி சொல்ல எழுதி வைத்திருந்த தாளை அவள் பிரிக்கவே இல்லை.

"இந்தக் கோடு இறங்கினதுக்குக் காரணம் இவங்க பொழைப்பு போனதுதான். நாங்க ஆராய்ச்சி பண்ணோம், இவங்க வேலை போச்சு. இவங்க பயனாளி இல்ல" என்றாள்.

தன் வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாள். பல நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

நடுவர் குழுத் தலைவி எழுந்து நின்று கைதட்டினார். பின்னாலேயே அரங்கம் முழுவதும் எழுந்து தட்டியது. தன் ஆய்வையே கேள்வி கேட்கும் இந்தத் துணிச்சலைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார் தலைவி. நிதியை இரட்டிப்பாக்குவதாகவும், வேலை இழந்த இந்தப் பெண்களின் வாழ்க்கையை இதே ஆய்வாளர் இரண்டு வருஷம் ஆராய்வார் என்றும் அந்த இடத்திலேயே அறிவித்தார்.

கோடு சார் தங்கையின் காதருகே குனிந்தார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா விண்ணப்பத்துலயே போட்டிருக்கலாமேம்மா."

வாசலில் அக்கா வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"நான் உண்மையைச் சொல்லிட்டேன்க்கா."

"சொன்னே. வேனைத் திருப்பி வரவழைக்கிறோம்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"கை மட்டும் நல்லா தட்டினாங்க." அக்கா கழுத்து அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "அடுத்த மாசம் கேள்வியைத் தூக்கிட்டு வருவியா?"

"வரணும்க்கா. வேலை அதுதானே."

"வா. யாரை வேணாலும் கேளு. என் வீட்டுக்கு மட்டும் ஆள் இல்லைன்னு எழுதிக்கோ."

கோபம்தானே, நாளாக ஆறிவிடும் என்று தங்கை தன்னைத் தேற்றிக்கொண்டாள். கூடப்பிறந்தவளாயிற்றே. அடுத்த மாதம் போனபோது தெருவில் சிலர் பதில் சொன்னார்கள். சிலர், சொன்னால் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்கள். அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

கதவைத் தட்டினாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான்."

சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் திறந்தது, பாத்திரங்கள் மறுபடி உருண்டன. தங்கைக்கு இன்னொரு முறை தட்டக் கை எழவில்லை. அந்த வீட்டு எண்ணுக்கு நேரே, ஆள் இல்லை என்று எழுதினாள்.