நான்காம் மாடியில் நிற்கும் லிஃப்ட்

எங்கள் குடியிருப்பின் பழைய லிஃப்ட், கீழே யாராவது கதவை மூடாமல் போனால் மேலே வராது. அப்படிப்பட்ட நாளில் முழங்கால் வலிக்கார அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் செய்யும் கால் பயிற்சி தவறிவிடும். ஆனால் ஒரு வாரமாக, அம்மா கிளம்பும் நேரத்தில் அது எங்கள் நான்காம் மாடியில் தயாராக நின்றது.

"எந்தப் புண்ணியவான்டா இது?" என்றாள் அம்மா.

மறுநாள் கதவிடுக்கில் கண் வைத்துக் காத்திருந்தேன். லிஃப்டிலிருந்து இறங்கியவர் கீழ்வீட்டுக்காரர். எங்கள் ஈரத்துணி அவர் பால்கனியில் சொட்டியதிலிருந்து எங்களோடு பேச்சை நிறுத்தியவர். லிஃப்ட் கதவை அழுத்தி மூடிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களா?"

திடுக்கிட்டார். "படி இறங்கினா தொப்பை குறையுமாம்."

"குறைஞ்ச மாதிரி தெரியலையே!" என்று உள்ளேயிருந்து அம்மா சிரித்தாள்.

அன்றிலிருந்து அம்மா துணியை இரண்டு முறை பிழிந்துதான் கொடியில் போடுகிறாள்.