பேசாத அழைப்பு

"இது சுட்ட சரக்கு, அண்ணி" என்று சொல்லி, கத்திரி அந்தக் கட்டுரையை என் பக்கம் தள்ளினார். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியாக்கித்தான் அச்சுக்கு அனுப்புவார் என்பதால் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். என் கணவரிடம் வேலை கற்றவர், இப்போது ஆசிரியர். கணவர் இறந்த பிறகு அவர் நினைவாக ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள். முதல் பரிசு பெற்றது ஞாயிறு இதழில் வரும். இறந்தவரின் மனைவி என்பதால் எனக்கும் நடுவர் நாற்காலி ஒன்று உண்டு. பெரும்பாலும் தேநீர் குடித்துவிட்டு, அவர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வருவேன்.

அந்த ஆண்டுத் தலைப்பு, அரசின் கண்காணிப்பும் பத்திரிகைச் சுதந்திரமும். வந்தவற்றில் முக்கால்வாசி ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்றே தொடங்கின. இன்னும் ஒரு தூண் வந்தால் கட்டடமே சாய்ந்துவிடும் என்று கத்திரி அலுத்துக்கொண்டார். இந்த ஒன்று மட்டும் ஒட்டுக்கேட்பவனின் காதிலிருந்து தொடங்கியது. வெளியூரிலிருந்து ஒரு நிருபர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். தங்கள் இணைப்பு ஒட்டுக்கேட்கப்படுவது கணவன் மனைவி இருவருக்கும் தெரியும். அதனால் பேசுவதை விட்டுவிட்டார்கள். மனைவி ரிசீவரை எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். பாத்திரம் கழுவுகிறாள், மூடாமல் சொட்டும் குழாயைத் திட்டுகிறாள். அவர் அந்தப் பக்கம் வீட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் இருப்பவனும் கேட்கிறான். குறித்துக்கொள்ள அவனுக்கு ஒரு சொல்லும் கிடைப்பதில்லை.

அந்தக் குழாயைத் திட்டியவள் நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பது ஒன்று; அது எங்கள் இருவருக்கு மட்டுமானது என்பது இன்னொன்று. நடுவில் இருந்த ஆளை என் கணவர் 'சம்பந்தி' என்பார். பெண் கொடுக்காமல் பெண் எடுக்காமல் நம் வீட்டுச் சங்கதியெல்லாம் தெரிந்துவைத்திருக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பார்.

கட்டுரையின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். ஒருநாள் அந்த அழைப்பு வழக்கத்தைவிட நீண்டது. மறுநாள் வரவில்லை, அதன்பிறகு வரவே இல்லை. கேட்பவன் மட்டும் பல நாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காத்திருந்தான், என்று அதை எழுதிய பெண் முடித்திருந்தாள்.

அந்தக் கடைசி அழைப்பு வந்த அன்று மழை. மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடினேன். நனைந்ததைப் பிழிந்து உள்ளே போட்டுவிட்டு வந்தபோது இணைப்பு அறுந்திருந்தது. அன்று மாலையே விடுதி அறையில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். நான் மாடியில் இருந்த நேரத்தில் அவர் ஏதாவது சொன்னாரா, கூப்பிட்டாரா, ஒன்றுமே சொல்லாமல் வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி கிடையாது என்றுதான் இத்தனை காலம் இருந்தேன்.

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு. சீருடையின் கைமடிப்பில் மை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இந்தச் சம்பவத்தை எங்கே படித்தாய் என்று கத்திரி கேட்டார். எங்கும் படிக்கவில்லை, தானே யோசித்தது என்றாள்.

"யோசிச்சா குழாய் சொட்டாதும்மா. யாரோ பார்த்து எழுதினதுல இருந்து எடுத்திருக்கே. இல்லைன்னா யாரோ சொல்லியிருக்காங்க."

அவள் காது மடல் சிவந்துவிட்டது.

"அப்பா என்ன பண்றாரு?"

"கவர்மென்ட் வேலை சார்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

அவள் மேசையைப் பார்த்தாள். கத்திரி பேனாவைக் கீழே வைத்தார். அவரை எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் பேனாவைக் கீழே வைத்தால் போட்டியை மறந்துவிட்டார், செய்தியின் வாசனை பிடித்துவிட்டார் என்று பொருள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் அந்தப் பெண் அழுதுவிடுவாள், அப்பாவின் அலுவலகம் வெளியே வரும். ஞாயிறு இதழில் கட்டுரைக்குப் பதிலாக அந்த மனிதர் வருவார், திங்களன்று அவருக்கு வேலை இருக்காது.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"இவங்க ஸ்கூல்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. அங்கே சொன்னேன். எங்க வீட்டுக் கதைதான் அது. பேர் போடாம எழுதணும்னு நானே சொல்லிட்டு வந்தேன், பாவம், அதைக் காப்பாத்துது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே அண்ணி" என்றார் கத்திரி. அவர் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

"சொல்லியிருந்தா பாதியா வெட்டியிருப்பீங்க."

சிரித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான் என்று முடிவானது. சம்பவத்தைச் சொன்னது நான் என்று ஒரு வரி சேர்த்துவிடுவதாகக் கத்திரி சொன்னார். படம் எடுக்க அவளை அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

நான் நடைக்கு வந்தேன். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். கடைசி நாற்காலியில் ஒருவர் மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் போகவில்லை. எதிரே வந்த உதவியாளரிடம், "தண்ணி எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். திரும்பவில்லை. பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

நானே போய்ப் பையை எடுத்து நாற்காலியில் வைத்தேன். "உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். பையை நடுவில் விட்டு நானும் உட்கார்ந்தேன். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கு மழை" என்றேன். "நான் மாடிக்குப் போயிட்டேன்."

"தெரியும்மா. கதவு காத்துல அடிச்சுச்சு."

"அவர் ஏதாவது..."

அவர் கேட்கும் கருவியைப் போல வலது உள்ளங்கையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, கண்கள் மூடின. நடையின் கோடியில் யாரோ மேசையை இழுத்தார்கள். அவர் கண்ணைத் திறக்காமலே, சத்தம் வேண்டாம் என்று மற்றக் கையை உயர்த்தினார்.