எட்டுப் பேருக்குச் சொன்ன மேசை

சியெனியின் இருபத்தோராவது பிறந்தநாளுக்காக எட்டுப் பேருக்கென்று சொல்லிவைத்த மேசை, விருந்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே உணவகத்தின் ஜன்னலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது. ஆக்லாந்தின் கே ரோட்டில் இருக்கும் அந்த உணவகத்துக்குக் ‘கரி’ என்று பெயர். பெயருக்கேற்ப எதைக் கேட்டாலும் கொஞ்சம் கருக்கித்தான் கொடுப்பார்கள். அதற்காக ஊரில் பாதிப் பேர் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அந்த இடத்தை நடத்துகிற ஜார்ஜினா மேசை நீண்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்கள் கூடினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது தங்கள் வழக்கம் என்று மட்டும் போனில் நினைவுபடுத்தினாள்.

“நான் யாரையும் கூட்டலயே,” என்றாள் சியெனி.

“நீங்க கூட்டல, மேசை கூட்டிக்கிச்சு. ஜன்னல் கண்ணாடிய கழட்டி வச்சிருக்கோம். கேக் மட்டும் வெளியிலேருந்து கொண்டுவரக் கூடாது, அது ஞாபகம் இருக்கட்டும்.”

தப்பு சியெனியுடையதுதான். அப்பா, அம்மா, நான்கு சிநேகிதிகள், தான் என்று ஏழு பேரை எண்ணிவிட்டு, எட்டாவதாகத் தாய்மாமன் அபேலுவைச் சேர்த்திருந்தாள். மாமாவை விட்டுவிட்டால் நன்றாக இருக்காதே என்று நினைத்தாள், பாவம். நகரத்துக்குத் தெற்கே மாங்கெரேயில் அவர்களுக்கு எதிர்வீட்டுக்காரனாக இத்தனை வருடம் இருக்கிற எனக்கே தெரியும், சமோவாக்காரர்களிடம் குடும்பப் பட்டம் சுமக்கிற ஆள் ஒருவரைக் கூப்பிட்டால் அவர் யார் யார் சார்பில் எழுந்து பேசுகிறாரோ அத்தனை பேரையும் கூப்பிட்டதாகும். அபேலு அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் சார்பில் பேசுகிறவர். பள்ளிக்கூடமும் நாடகமும் நகரமும் என்று வளர்ந்த பெண்ணுக்கு அது மறந்துவிட்டது, மேசைக்கு மறக்கவில்லை. எங்கள் தெருவில் சாவு வீடுகளில் பாய் நீண்டு பார்த்திருக்கிறோம். ஆட்கள் வரவர இடம் விட்டுக்கொண்டே போகும், யாரும் வெறுந்தரையில் உட்கார்ந்ததில்லை. மேசை நீண்டது இதுதான் முதல் தடவை.

இது பிறந்தநாள் விருந்து என்று பெயருக்குத்தான். மெல்போர்னில் ஒரு நாடக அரங்கில் விளக்கு அமைக்கிற வேலை சியெனிக்குக் கிடைத்திருந்தது. விருந்து சனிக்கிழமை, விமானம் திங்கட்கிழமை. இதை அம்மா தெலேசியாவிடம் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் அம்மா தரையில் உட்கார்ந்து அழுவாள், அக்கம்பக்கம் கூடிவிடும், அபேலு மாமா எழுந்து ஒரு மணி நேரம் பேசுவார், விமானம் போய்விடும். நாகரிகமான இடத்தில், மங்கலான வெளிச்சத்தில், முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் மெதுவாகச் சொன்னால் அம்மா சத்தம் போட மாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த உணவகத்தைப் பிடித்தாள். அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதும் பேருந்திலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் கால் ஆடும். அவள் கால் ஆட்டுகிற ஆட்டத்தில் அலமாரியிலிருந்த கோப்பைகள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தெலேசியா அவற்றை உள்ளே தள்ளிவைப்பாள்.

தள்ளிவைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா என்ன. மூத்தவன் தவிட்டா போவதற்கு முன்பும் இதே கோப்பைகள் இப்படித்தான் நகர்ந்தன. இருபத்தொன்று ஆனால் பெற்றவர்கள் பிள்ளைக்கு மரத்தில் செதுக்கிய சாவி ஒன்று கொடுப்பது அங்கே வழக்கம். முழங்கை நீளம் இருக்கும், எந்தப் பூட்டையும் திறக்காது. இனி உன் இஷ்டப்படி வந்து போகலாம் என்று அதற்குப் பொருள். தவிட்டாவுக்குத் தேவாலயக் கூடத்தில் பன்றி சுட்டு, பாட்டும் ஆட்டமுமாகச் சாவி கொடுத்தார்கள். அடுத்த வாரமே ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு அப்பால் இரும்புச் சுரங்கத்துக்குப் போனவன்தான். வாரம் ஒருமுறை கூப்பிட்டான், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும், பிறகு கிறிஸ்துமஸும் போயிற்று. சாவிதான் பையனைக் கொண்டுபோய்விட்டது என்று தெலேசியா முடிவு கட்டிவிட்டாள். சியெனிக்காக அபேலு செதுக்கிக் கொடுத்த சாவியைத் துணி அலமாரியில், நல்லது கெட்டதுக்கு எடுக்கிற பாய்களுக்கு அடியில் போட்டுப் பூட்டியிருந்தாள்.

அதனால் மகள் பக்கத்தில் வந்து, “அம்மா, ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தால், “ஐயோ, உங்க பெரியப்பா வீட்ட கூப்பிட மறந்தே போயிட்டேன்,” என்று தெலேசியா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஒவ்வொரு அழைப்புக்கும் மேசை இன்னும் கொஞ்சம் நீண்டது. பாட்டுக்குழுவைக் கூப்பிட்டாள், மேசை கே ரோட்டைத் தாண்டியது. தன்னோடு துணி வெளுக்கும் ஆலையில் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டாள், ஈடன் மலைச் சரிவில் இறங்கியது. ஞாயிறு காலை போதகரிடம் சொல்லி அறிவிப்போடு அறிவிப்பாக வாசிக்கவும் வைத்தாள். அன்று மாலை ஒனஹங்கா கடைத்தெருவில் காய்கறிக்காரர் தன் கூடைகளை மேசைமேல் அடுக்கி வியாபாரம் பார்த்தார். கூட்டம் பெருகினால் ரகசியம் பேச முடியாது என்பது அவள் கணக்கு. தாய்க்கும் மகளுக்கும் கணக்குப் போடுவதில் ஒரே மூளை. மாங்கெரேப் பாலத்தில் மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலை மேசைக்கு மேலாக வீசப் பழகிக்கொண்டார்கள்.

சியெனி சும்மா இருக்கவில்லை. ஜார்ஜினாவைத் தினமும் கூப்பிட்டாள். நேரத்தை மாற்றினாள், திரும்ப மாற்றினாள். தேதியையே மாற்றிப் பார்த்தாள், மேசை அதற்கும் கூடவே வந்தது. வேறு உணவகம் பார்க்கலாமா என்று ஒரு சிநேகிதியிடம் கேட்டாள்.

“நீ எங்க போனாலும் உங்கம்மா போன் எடுப்பாங்கடி,” என்றாள் அவள்.

“இவ்ளோ பேருக்கு நடுவுல எப்படிடி சொல்றது?”

“சொல்லாமலே ஏறிப் போயிடு.”

“எங்கண்ணன் அப்படித்தான் போனான். அடுத்த வாரம் சுரங்கத்துக்குப் போறேன்னு சாவி குடுத்த ராத்திரிகூட அவன் சொல்லல,” என்றாள் சியெனி.

சனிக்கிழமை விடிந்தபோது மேசையின் தெற்கு நுனி எங்கள் தெருவுக்குள் திரும்பி, தெலேசியா வீட்டு கார் கொட்டகைக்குள் போய் நின்றிருந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று தெலேசியா அங்கேயே கிழங்கையும் கோழியையும் இறக்கிவைத்தாள். கணவர் லோசி அவள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற மனிதர் அவர், ஆமாம் இல்லை என்பதோடு சரி. விருந்துக்கு மகள் பக்கத்தில் போய் உட்கார வேண்டாமா என்று நான் அவர்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன்.

“மேசை ஒண்ணுதானே. எந்த மூலைல உக்காந்தா என்ன,” என்றாள் தெலேசியா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். எனக்குக் கிடைத்தது பாலத்துக்கு இந்தப் பக்கம், காற்று கொஞ்சம் அதிகம். வடக்கு நுனியில் சியெனி பச்சைச் சட்டையில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அபேலு மாமா. ஜார்ஜினாவின் ஆட்கள் தட்டுகளை அனுப்பத் தொடங்கினார்கள். எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுகிற மாதிரிச் சின்னத் தட்டுகள். ஒரு தட்டில் கருக்கிய கேரட் மூன்று துண்டு, அதன்மேல் ஏதோ ஒரு பூ. ஒனஹங்கா வருவதற்குள் தட்டில் பூ மட்டும் இருந்தது.

“என்னடி இது, சாப்பாடா இல்ல ருசி பாக்கக் குடுத்ததா?” என்று பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“காசு குடுத்துப் பட்டினி கெடக்கறதுக்குப் பேர்தான் நாகரிகம். பூவைத் தின்னு, அதுவும் கணக்குல சேத்தி,” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

நல்லவேளை, தெற்கிலிருந்து அண்டாக்கள் நகர்ந்து வந்தன. தேங்காய்ப்பாலில் இலை வெந்த பாலுசாமி, பெயரைக் கேட்டால் நம்மூர் ஆள்போல இருக்கும். உப்புக்கண்டம், கிழங்கு, மூன்று அடுக்குக் கேக். வடக்குத் தட்டும் தெற்கு அண்டாவும் பாலத்தின் நடுவில் சந்தித்து வழிவிட்டுக்கொண்டன. கேக் உணவகத்து வாசலில் போய் நின்றது. ஜார்ஜினா அதைப் பார்த்தாள், உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்தாள்.

சியெனியால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. அவள் கால் ஆடிய ஆட்டம் மேசை முழுக்க ஓடி, மாங்கெரே வரைக்கும் குவளைகளில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. தெலேசியா தன் குவளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். முதல் தட்டு போயிற்று, இரண்டாவது தட்டு வந்தது. அந்த இடைவெளியில்தான் சியெனி மாமாவின் காதருகே குனிந்தாள்.

“மாமா, இத நீங்க பேசாதீங்க. பக்கத்துல சொல்லுங்க, அவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லட்டும். அம்மாகிட்ட போய்ச் சேரணும். மெல்போர்ன்ல எனக்கு வேலை கெடச்சிருக்கு, திங்கக்கெழம போறேன், சொல்லாமப் போக எனக்கு மனசு வரல.”

அபேலு தன் வாழ்நாளில் எதையும் கூட்டாமல் சொன்னதில்லை. அன்று கூட்டாமல் சொன்னார். வாக்கியம் புறப்பட்டது. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு, கே ரோட்டைத் தாண்டி, மலைச் சரிவில் இறங்கி, கடைத்தெருவைக் கடந்து வந்தது. சொன்னவர்கள் எல்லாரும் சொன்னபிறகு தெற்கே திரும்பிப் பார்த்தபடி சாப்பிடாமல் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் இருமல் என்று புறப்படுகிற செய்தி இரண்டு வீடு தாண்டினால் சவப்பெட்டி என்று போய்ச் சேரும். அன்று ஒரு எழுத்து மாறவில்லை. என் காதுக்கு வந்ததை நான் அப்படியே அடுத்த நாற்காலிக்குக் கொடுத்தேன்.

கடைசியில் லோசியிடம் வந்து நின்றது. மனிதர் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தவிட்டா போன நாளிலிருந்து அவர் அவ்வளவு நீளமாக எதுவும் பேசியதில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். மகள் சொன்ன அதே சொற்கள், ‘எனக்கு மனசு வரல’ என்பது உட்பட. தெலேசியா குவளையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். தரையில் உட்காரவில்லை, சத்தமும் போடவில்லை.

“சொல்லிட்டுப் போறா,” என்றாள். “இவ சொல்லிட்டுப் போறா,” என்று மறுபடியும் சொன்னாள்.

எழுந்து உள்ளே போய் அலமாரியைத் திறந்து, பாய்களைப் புரட்டி, சாவியை எடுத்துவந்தாள். இடுப்புத் துணியின் நுனியால் ஒருமுறை துடைத்து லோசியின் கையில் கொடுத்தாள்.

“கைமாத்தி அனுப்பு. கூடவே இதையும் சொல்லச் சொல்லு. தவிட்டாவுக்குச் சாவி குடுத்தப்ப, திரும்பி வாடான்னு நான் சொல்லல. சொல்லாமலே தெரியும்னு நெனச்சேன். இவளுக்குச் சொல்றேன். திரும்பி வா.”

சாவி வடக்கே போனது. எத்தனை கை தொட்டது என்று யாரும் எண்ணவில்லை. பாலத்துக்கு வந்தபோதே அது கதகதப்பாக இருந்தது, என் கையில் வைத்திருந்ததால் சொல்கிறேன். கடைசியாக அபேலு மாமா அதை சியெனியின் மடியில் வைத்தார். பேச எழுந்தவர், “திரும்பி வா,” என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான் என்று இன்றும் சொல்வார்கள். சியெனியின் கால் ஆட்டம் நின்றது. குவளைகளில் தண்ணீர் அசையாமல் நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பிறகு அவள் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அவள் போனாள். விருந்து முடிந்தால் மேசை சுருங்கிவிடும் என்று ஜார்ஜினா நம்பினாள், அது நடக்கவில்லை. மேற்கே திரும்பிக் கடலுக்குள் இறங்கியது. சில மாதத்தில் மெல்போர்னில் சியெனி தங்கியிருக்கும் அறையின் ஜன்னலருகே அதன் நுனி தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தெலேசியா கொட்டகையில் பாத்திரத்தை மேசையில் வைத்துத் தள்ளிவிடுவாள். கடல் அதன் போக்கில் நகர்த்திக்கொண்டு போகும். வியாழன் வாக்கில் சியெனி மூடியைத் திறந்து, ஆறிப்போச்சு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று போனில் குறை சொல்வாள். வழியில் யாரோ ஒரு துண்டு எடுத்திருப்பதும் உண்டு. கழுவின பாத்திரம் அடுத்த வாரம் திரும்பி வரும். நகரசபை ஒரு கடிதம் போட்டது, பிறகு மேசைக்கு அடியில் புல் வெட்ட ஆள் அனுப்பத் தொடங்கியது.

ஒரு வருடம் கழித்து, மழைக்காலத்தில், இரண்டு பாத்திரம் திரும்பி வந்தது. ஒன்று சியெனியுடையது. இன்னொன்று தெலேசியா எப்போதோ அனுப்பி, நடுக்கடலில் தொலைந்துபோனது என்று திட்டித் தீர்த்த பெரிய பாத்திரம். அதை யாரோ சரியாகக் கழுவத் தெரியாமல் கழுவியிருந்தார்கள். அடியில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது, பெர்த்துக்கு அப்பால் சுரங்கங்களில் இருக்கிற மண். தெலேசியா விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். லோசியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த ஞாயிறு இரண்டு பாத்திரத்திலும் கிழங்கு போட்டாள், ஒன்று சியெனிக்கு, ஒன்று தவிட்டாவுக்கு.