அரணாக்கயிறு

எமர்ஜென்சி முடிந்த வருஷம், பெரியாஸ்பத்திரி ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில், வைத்திக்குப்பத்து மீனவப் பெண் தனக்கொடி ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். வேலை நிரந்தரமாவது வார்டு நர்ஸ் வசந்தா சொல்லும் சொல்லில் இருந்தது. வசந்தா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ குப்பம், அந்த வாளிய எடு" என்பாள். மற்ற ஆயாக்கள் மில்லில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள். தனக்கொடி உள்ளே வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள்.

"காத்து வரட்டும். வைத்திக்குப்பம் வந்துடுச்சி."

தனக்கொடியும் சிரித்து வைப்பாள். புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள். இந்த வேலையை விட்டால் மீன்கூடைதான்.

ஒரு நாள் குப்பத்து மீனவர் அம்மாவாசையைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். அவளுக்குப் பெரியப்பா முறை. குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு வயிறு கல்லாகக் கிடந்தது. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். தியேட்டருக்குள் உடம்பில் ஒரு நூல் இருக்கக் கூடாது. அவர் இடுப்பு அரணாக்கயிறோ உப்புத் தண்ணியில் ஊறி முடிச்சு இறுகிப்போயிருந்தது.

குப்பத்தில் ஆம்பிளையின் அரணாக்கயிற்றை அறுப்பது ஒரே தடவைதான், பிணத்தைக் குளிப்பாட்டும்போது. மற்றபடி புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பார்கள்.

"அக்கா, அவங்க சம்சாரம் வெளிய நிக்குது. ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

வசந்தா கத்தரிக்கோலை நீட்டினாள். "என்னா, சொந்தமா? சொந்தம் பாக்கறதுன்னா மீன் விக்கப் போ. உனக்குப் போய் சிபாரிசு பண்ணலாம்னு இருந்தேன் பாரு."

தனக்கொடி அறுத்தாள்.

ஸ்ட்ரெச்சர் வராந்தாவுக்கு வந்தது. போர்வையைச் சரிசெய்யப் போன அஞ்சலாட்சியின் கை புருஷன் இடுப்பிலேயே நின்றது.

"கயிறு எங்கடி?"

"தியேட்டர் சட்டம் பெரிம்மா."

"யாரு அறுத்தது?"

கத்தரிக்கோல் இன்னும் தனக்கொடி கையில் இருந்தது.

"அந்த நர்சுங்களுக்குத் தெரியாது. நீ எங்கடி பொறந்த?"

அதன்பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அஞ்சலாட்சி காதில் ஏறவில்லை. உசுரோடு இருக்கிறவனைப் பிணமாக்கிவிட்டார்கள், இனிக் கத்தி வைத்தால் முடிந்தது. குப்பத்து ஆட்கள் அவரை மறுபடி கட்டிலில் போட்டு வீட்டுக்குத் தூக்கினார்கள். "பெரியப்பா செத்துப்பூடுவாரு" என்று தனக்கொடி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தன் அவள் விரல்களைப் பிரித்துவிட்டான்.

விடிவதற்குள் செத்துப்போனார்.

டாக்டர் வார்டையே நிற்க வைத்துத் திட்டினார். இனி கயிறோ தாயத்தோ, வீட்டு ஜனத்திடம் சொல்லி அவர்கள் கையாலேயே கழற்ற வேண்டும். குப்பத்து ஜனத்திடம் தனக்கொடி பேசட்டும் என்றார். கொஞ்ச நாளில் வேலை நிரந்தரமானது. மதியச் சாப்பாட்டில் மில்லுக்காரிகள் நகர்ந்து இடம் விட்டார்கள். "நீ எங்க ஆளு தனக்கொடி" என்றாள் வசந்தா.

குப்பத்துத் தண்ணீர்க் குழாயில் அவள் குடம் வைத்தால், மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அஞ்சலாட்சி நகரவில்லை. அவள் குழாய்க்கு வருவதையே விட்டிருந்தாள்.

மழைக்காலத்தில் வீராம்பட்டினத்து மீனவன் ஒருவன் ஆபரேஷனுக்கு வந்தான். தனக்கொடி அவன் தாயிடம் பொறுமையாகச் சொன்னாள். உங்க கையாலயே அவுத்துடுங்க, புதுக் கயிறு வாங்கி வைங்க, முடிஞ்சதும் நீங்களே கட்டலாம்.

கிழவி கேட்டு முடித்தாள்.

"வைத்திக்குப்பத்தான் கயித்த அறுத்தவ நீதானா?"

"ஆமா."

கிழவி மகன் இடுப்பை முந்தானையால் மூடினாள்.

"நல்ல ரோசனைதான். வேற யாரையாச்சும் வந்து சொல்லச் சொல்லு."

தனக்கொடி வசந்தாவைக் கூப்பிடப் போனாள்.